சேதம் பார்க்க வந்தவன்

மோர்ப்பண்ணைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
கடல் இல்லை.

காலை ஏழே கால்.
கையில் கோப்பு, பையில் அளவு நாடா.
நம்புராஜன் என்பவரின் வள்ளத்துக்கு
அடிப்பலகை உடைந்ததாக ஒரு மனு.
உடைந்ததா உடைத்ததா என்று பார்ப்பது
என் பிழைப்பு.
பத்தொன்பது வருடமாக
எதையும் நம்பாமல் இருப்பதற்குச்
சம்பளம் வாங்குகிறேன்.

"உள்வாங்கிருச்சு சார்" என்றார்,
பால்காரர் வரவில்லை என்று சொல்வதைப் போல.
"பொழுது ஏறத் திரும்பிரும்."

நங்கூரக் கயிறு தளர்ந்து
சாய்ந்து படுத்திருந்தன வள்ளங்கள்,
மத்தியான வகுப்புப் பிள்ளைகள் மாதிரி.
அவருடையது முந்நூறு அடிக்கு அப்பால்.
செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கினேன்.
பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினேன்.
நேற்று மீன் போன வழியில்
இன்று இன்சூரன்ஸ் கம்பெனி நடந்தது.

சேறு விரலிடுக்கில் பிதுங்கியது.
எங்கோ ஒரு
டக்.
நின்றேன்.
மறுபடி டக்.
யாரோ விரல் சொடுக்குகிற சத்தம், ஆளைக் காணோம்.

"எறா சார். ஒத்தக் கை பெருசா இருக்கும்.
சொடக்குப் போடும்."
"எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார்.
என் படிவத்தில்
எப்போது, எங்கே, எவ்வளவு
மூன்றுக்கும் கட்டம் உண்டு.
எதுக்கு என்பதற்கு இல்லை.
கேட்டது நான்தானா என்று
எனக்கே சந்தேகம்.

சேறு முடிந்து ஒரு மணல் திட்டு.
குன்றிமணிப் பருமனில் மண் உருண்டைகள்
ஒரு பொந்தைச் சுற்றிக் கதிர்கதிராக.
உருட்டியவன் என் நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டான்.
நிழலை நகர்த்திக்கொண்டு குந்தினேன்.
மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது
பிறகுதான் தெரிந்தது.
வந்தான்.
ஒரு மிளகுக்குக் கால் முளைத்த மாதிரி.
மண்ணை வாய்க்குள் வாங்கி, ருசியை எடுத்துக்கொண்டு
மிச்சத்தை உருட்டிப் பின்னால் தள்ளினான்.
ஒன்று. இரண்டு.
எண்ணியது பழக்கதோஷம்.
பதினொன்றுக்கு மேல்
எண்ணிக்கை விட்டுப்போனது.

ஒரு பற்பசை மூடி
என்னைக் கடந்து நடந்து போனது.

மூடிகள் நடப்பதில்லை.
நாற்பத்தேழு வயதுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய
சில விஷயங்களில் அது ஒன்று.
மூடிக்குக் கீழே சிவப்பாக நாலைந்து கால்கள்.
ஊர்ந்து பின்னாலேயே போனேன்.
கோப்பை எங்கே வைத்தேன் என்று
ஞாபகம் இல்லை.

"சார், வள்ளம் இந்தப் பக்கம்."

போனோம். போகும் வழியில் ஒரு குழி.
தேங்கிய தண்ணீரில் ஈரல் நிறத்தில் ஒன்று,
தலையில் முயல்காது இரண்டு.
தொட்டேன்.
ஊதா.
குழி முழுக்க, மணிக்கட்டு வரைக்கும் ஊதா.
சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்,
மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்ட நாலாம் வகுப்புக்காரனாக.
அடிக்க யாரும் வரவில்லை.
நம்புராஜன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அடிப்பலகை உடைந்துதான் இருந்தது.
இரண்டடி நாலங்குலம்.
எழுதினேன், ஊதாக் கையால்.

"தண்ணி வருது சார்."
அலையாக வரவில்லை அது.
வீட்டுக்குள் செருப்பை விட்டுவிட்டு நுழைகிறவரைப் போல
சத்தமில்லாமல்
ஒவ்வொரு பொந்தாகக் கேட்டுக் கேட்டு வந்தது.
அத்தனை உருண்டைகளும் கரைந்தன.
இழப்பீடு கோரி
ஒருவரும் மனுப் போடவில்லை.

ராமநாதபுரம் பஸ்ஸில்
மூன்றாவது இருக்கை.
முன்சீட்டில் அம்மா தோளில் ஒரு பெண்குழந்தை
தூங்குவதா வேண்டாமா என்றிருந்தது.
தேவிபட்டினம் தாண்டியதும்
கோப்புக்குக் கீழே கையை வைத்து
சொடுக்கினேன்.
டக்.

நிமிர்ந்து பார்த்தது.
எனக்கு ஒன்றும் தெரியாது.
நான் ஜன்னலில்
உடைமரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.